மரங்களுக்கு இங்கிலீஷ் எழுதியவர்

ஜப்பான்காரர் காலத்தில் மலாக்கா நகரத்திலேயே மிகத் திருத்தமான ஆங்கிலம் அறிந்திருந்தவை எங்கள் காஜா பெராங் தெருவின் மரங்கள்தாம். எங்கள் தெருவில் ஒரு கறிவேப்பிலைச் செடிக்குத் தெரிந்திருந்த சொற்கள், ஆங்கிலப் பள்ளியில் ஏழாண்டு பெஞ்சு தேய்த்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நிலைமைக்கு முழுப் பொறுப்பாளர் ஒரே ஒரு மனிதர். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, தெரு முழுவதற்கும் அவர் 'லேபல்'. வயதில் இளைய எங்களுக்கு லேபல் அண்ணன்.

போருக்கு முன் அவர் ஓர் அரசாங்கத் தோட்டத்தில் மரங்களுக்குப் பெயர்த்தகடு எழுதிக்கொண்டிருந்தார். துரைமார்கள் அவசரமாகக் கப்பலேறினார்கள்; தோட்டத்தின் கேட்டில் பூட்டு விழுந்தது. லேபல் அண்ணன் ஒரு டின் கறுப்புச் சாயமும் இரண்டு தூரிகைகளுமாக வீடு திரும்பினார். மற்றவர்களெல்லாம் மரவள்ளி நட இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் காலிப் பால் டின்களைத் தட்டித் தகடாக்கினார். ஒரே மாதத்தில் எங்கள் தெருவின் முப்பத்தொரு மரஞ்செடிகளின் கழுத்திலும் கம்பியில் கோத்த தகடு தொங்கிற்று. மரத்தின் பெயர், அதன் பழைமை, அதைப் பற்றிய கதை, அதிலிருந்து செய்யும் பானம் என்று எல்லாம் ஆங்கிலத்தில், அச்சடித்ததுபோல.

இந்த நான்கைப் பற்றியும் பேசுவதற்கு ஆங்கிலமே ஏற்ற மொழி என்பது அவர் கொள்கை. "மீன் வாங்க மலாய், சண்டை போடத் தமிழ். ஒரு வேரைப் பத்தி மரியாதையாச் சொல்லணும்னா இங்கிலீஷ்தான், கிராணியாரே" என்பார். தெருத் தலைவரின் அலுவலகத்தில் நான் எழுத்து வேலை பார்த்ததால், அவருக்கு நான் கிராணியார்.

சொற்களை அவர் தராசில் வைத்துத்தான் எடுப்பார். மாமரத்துக்கு 'ஓல்ட்' என்று எழுதினால் போதாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"என் செருப்பு ஓல்ட். தலைவர் வீட்டு நாற்காலி ஓல்ட். ஓல்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம். இது ஏன்ஷியன்ட், கிராணியாரே. இதுக்கு முன்னால நாமதான் நேத்து வந்தவங்க."

அடுத்த வீட்டு மங்களம் அக்காவின் முருங்கையில்தான் முதல் தகராறு முளைத்தது. தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா என்னைக் கேட்டார். ஆவிகள் தங்குவதாகக் கதை உண்டு என்று எழுதியிருந்தது. நேர்மையாகச் சொல்லிவிட்டேன்.

"ஏன்யா லேபல்! நான் குடியிருக்கிற வீட்டுல பேய் இருக்குன்னு வெள்ளைக்காரன் பாஷையில ஊருக்கே எழுதித் தொங்கவிட்டிருக்கியா?"

"அக்கா, அது லெஜண்ட். பேய் இல்ல, பேயைப் பத்தின கதை."

"கதையோ கிதையோ, எம் மரத்துல எனக்குத் தெரியாம யாரும் தங்கக்கூடாது!"

லேபல் அண்ணன் இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலை தூரிகையோடு வந்தார். "அக்கா, 'ஃப்ரெண்ட்லி'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டேன். இனி நல்ல ஆவி மட்டுந்தான் வரும்." அக்கா சமாதானமானார். அந்த ஆவிக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெற்றிலை வைக்கத் தொடங்கினார் என்றும் கேள்வி.

வாசலில் பெஞ்சு போட்டு அவர் பானங்களும் கொடுத்துவந்தார். வெட்டிவேர் ஊறிய தண்ணீர், எலுமிச்சம்புல் கஷாயம், நெல்லிச் சாறு, பெயருக்குப் பானகம். சர்க்கரை என்ற பொருளை நாங்கள் கனவில் மட்டுமே கண்டுகொண்டிருந்த காலம் அது. வெல்லமில்லாத பானகத்தில் இஞ்சி தன் முழுக்கோபத்தோடு உட்கார்ந்திருக்கும். குவளையைக் கையில் தந்ததும், லேபல் அண்ணன் கண்களை மூடி, குரலைத் தாழ்த்தி, "ரிஃப்ரெஷிங்..." என்பார். அந்தச் சொல் காற்றில் மெல்ல மிதந்து வந்து குவளைக்குள் இறங்கும். தொண்டையின் ஏதோ ஒரு மூலையில் இனித்ததாக நான் இன்றும் சத்தியம் செய்வேன். எதிர்வீட்டுத் தச்சர் மலாக்காச் செட்டி வகுப்பினர். பல தலைமுறைகளாக இந்த ஊர்க்காரர். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஆனாலும் பாதிக் குவளையை நீட்டி, "இன்னும் ஒரு வார்த்தை போடு லேபல், கசக்கிறது" என்று மலாயில் கேட்டு வாங்குவார்.

பிறகு, ஆங்கிலப் பெயர்ப்பலகைகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடைக்காரர்கள் ஒரே நாளில் பலகைகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். லேபல் அண்ணன் தம் முப்பத்தொரு தகடுகளையும், எழுத்து மரத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார். வெளியே பார்ப்பவருக்கு வெறும் தகரம்.

"யார் படிக்கப் போறாங்க அண்ணே?"

"மரம் படிக்கட்டும். அதைப் பத்தித்தானே எழுதியிருக்கு."

ஒரே ஒரு குறை. கம்பியில் தொங்கும் தகடு காற்றடித்தால் திரும்பும். நீரிணையிலிருந்து சுமத்ராக் காற்று புறப்பட்டு வந்தால் எங்கள் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிடும்.

இந்த வேளையில்தான், சயாம் காட்டில் ஜப்பான்காரர் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு ஆள் சேர்க்கும் படிவம் என் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டு ஆணின் தொழிலையும் நான் எழுத வேண்டும். பயனுள்ள தொழில் இல்லாதவர் சயாமுக்குப் போக வேண்டும். தொழில் கட்டம் காலியாக இருப்பது, லாரியில் ஓர் இடம் பிடித்து வைப்பதற்குச் சமம்.

"எழுதுங்க, கிராணியாரே. லேபல் ரைட்டர்."

"அண்ணே, எந்த மொழியில லேபல்னு கேட்பாங்க."

"இங்கிலீஷ்னு சொல்லுங்க."

"சொன்னா சயாம்கூட இல்ல, நேரா லாக்கப்புதான். பானக் கடைன்னு எழுதட்டுமா?"

"அது எம் பொழுதுபோக்கு."

"தோட்டக்காரர்?"

எழுந்து நின்றுவிட்டார். "பதினெட்டு வருஷம் தூரிகை பிடிச்ச கை இது. மண்வெட்டி பிடிச்சதுன்னு எழுதுவீங்களா? அதுக்குக் கட்டத்தைக் காலியாவே விடுங்க."

மூன்று நாள் கெஞ்சினேன். கட்டம் காலியாகவே போயிற்று. காலிக் கட்டக்காரர்களை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், வியாழன் காலை ஒன்பது மணிக்கு என்று பதில் வந்தது. புதன் மாலை மங்களம் அக்கா, தச்சர், நான் மூவருமாகச் சூழ்ந்துகொண்டபின், தகடுகளை மட்டுமாவது கழற்றிவிட லேபல் அண்ணன் இசைந்தார். "காலையில எட்டு மணிக்கு. நானே கழற்றுவேன். வேற யாரும் கை வைக்கக்கூடாது." ஏணியையும் கம்பி வெட்டும் குறட்டையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

எந்த எட்டு மணி என்று நான் கேட்கத் தவறினேன். நகரத்துக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, சூரியன் வந்து சேருமுன் அலுவலகம் போய் உட்கார்ந்திருப்போம். ஊரே தூக்கத்தில் நடப்பதுபோலிருக்கும். லேபல் அண்ணன் மட்டும் தம் சுவர்க் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. நான் எட்டு மணிக்குக் கதவைத் தட்டியபோது, பாதிக் கண் திறந்து, "ஆறரைக்கே எழுப்புறீங்களே, கிராணியாரே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதன்பின் இடித்தும் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி அணிந்த இளைஞர்; பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். விடிந்து சற்று நேரமே ஆகியிருந்தது. தெருவில் மெல்லிய பனிப்புகை. மரங்கள் பாதியளவே தரையில் நிற்பதுபோலத் தெரிந்தன. அவர் தெருமுனையில் கால் வைத்த கணத்தில் சுமத்ராக் காற்றும் கால் வைத்தது.

கறிவேப்பிலைச் செடி முதலில் திரும்பிற்று. அடுத்து எலுமிச்சை. மங்களம் அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி, முருங்கையின் தகட்டின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். தச்சர் பல் துலக்கும் கோலத்திலேயே மாமரத்தில் சாய்ந்தார். வீடுவீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள், ஆளுக்கொரு மரம். புளியமரத்துக்கு மூன்று பேர். நான் படிவக் கட்டோடு வேம்பில் சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால், நினைவுக்கெட்டாத பழைமைக்கு அவர் எழுதிய 'இம்மெமோரியல்' என்ற சொல் ஜில்லென்று உறைத்தது.

அப்போதுதான் எங்கள் தவறு எனக்குப் புரிந்தது. அதிகாரியைக் கண்டால் இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். வணங்காதவருக்குக் கன்னத்தில் அறை, சில நாள்களில் அதைவிட மோசமானது. குனிந்தால் தகடு தெரியும். தெரு முழுவதும் விறைப்பாகச் சாய்ந்து நின்றது.

அதிகாரி நின்றார். உடைந்த மலாயில் கேட்டார். "ஏன் யாரும் வணங்கவில்லை? ஏன் மரத்தில் சாய்ந்து நிற்கிறீர்கள்?"

அந்த நேரத்தில் லேபல் அண்ணன், மடித்துக் கட்டிய கைலியோடு கதவைத் திறந்தார். தெருவைப் பார்த்தார். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. கைலியை இறக்கிவிட்டு, நெல்லிமரத்தடிக்கு நடந்துவந்து, வாழ்நாளில் முதல்முறையாகப் பழங்கதையை மலாயில் சொன்னார்.

"துவான், ஒரு காலத்தில் ஓர் இளவரசர் இங்கே வேட்டைக்கு வந்தார். களைத்துப் போய் ஒரு மரத்தில் சாய்ந்தார். அவர் கண்முன்னே ஒரு சின்னச் சருகுமான் வேட்டை நாயை உதைத்துத் தள்ளியது. இளவரசர் வியந்து, இங்கேயே நகரம் அமைத்து, சாய்ந்த மரத்தின் பெயரையே வைத்தார். அதனால் பெரிய மனிதர் வந்தால் நாங்கள் மரத்தில் சாய்ந்து வரவேற்போம். இது குனிவதைவிடப் பெரிய மரியாதை."

"மற்றத் தெருக்களில் இதை நான் பார்க்கவில்லையே?"

"அவர்களெல்லாம் புதிதாக வந்தவர்கள், துவான்."

அதிகாரி தச்சரிடம் திரும்பினார். "உண்மையா?"

தச்சர் வாயிலிருந்த உமிக்கரியை விழுங்கினார். "உண்மை, துவான். என் அப்பா சாய்ந்தார். அவருடைய அப்பாவும் சாய்ந்தார்."

அதிகாரி, "அந்த மரம் எது?" என்று கேட்டார். லேபல் அண்ணன் நெல்லியைக் காட்டினார். மலாய்க்காரர்கள் மலாக்கா மரம் என்று சொல்வது நம்முடைய நெல்லியைத்தான். அதிகாரி தொப்பியைக் கழற்றினார், மரத்தருகே போனார், திரும்பி, சரியாகத் தகட்டின்மேல், சாய்ந்தார்.

"ஏதோ குத்துகிறது."

"மரத்தின் முடிச்சு, துவான். மிகவும் ஏன்..." என்று தொடங்கிய லேபல் அண்ணன் மீதிச் சொல்லை அப்படியே விழுங்கி, "மிகவும் பழையது" என்று மலாயில் முடித்தார். அந்தச் சொல்லை விழுங்கியபோது அவர் தொண்டை ஏறி இறங்கியதைத் தெருவே பார்த்தது.

அதிகாரி கண்களை மூடினார். காற்று தணியவில்லை. நெல்லியின் பொடியிலைகள் அவர் தோளில் உதிர்ந்துகொண்டிருந்தன. தெருவில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு மனிதர், யாரும் அசையவில்லை. அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் எந்தக் கடிகாரத்தின் நேரத்திலும் சேராதவை என்று எனக்குத் தோன்றியது. கண் திறக்கும்போது அவர் எந்த ஊரில் இருந்துவிட்டு வந்தாரோ, முகம் கொஞ்சம் குழந்தைத்தனமாக இருந்தது.

லேபல் அண்ணன் நெல்லிச் சாறு கொடுத்தார். அதிகாரியின் முகம் சுருங்கியது. சிப்பாயின் கை துப்பாக்கிக்குப் போயிற்று. உடனே ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார். நெல்லிக்குப் பின் குடிக்கும் பச்சைத் தண்ணீர் இனிக்குமே, அது இனித்தது. அதிகாரி குவளைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு குவளை கேட்டார்.

"இவர் தொழில் என்ன?" என்று என்னிடம் திரும்பினார்.

லேபல் அண்ணனின் கண்கள் என்மேல் இருந்தன. அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். "தோட்டக்காரர், துவான். மருந்துச் செடிகள் வளர்ப்பவர்" என்றேன். வேம்பை விட்டு நகராமலே காலிக் கட்டத்தை நிரப்பினேன். அதிகாரி அதன்மேல் முத்திரையிட்டார்.

அந்த மாதம் பக்கத்துத் தெருக்களிலிருந்து லாரிகள் புறப்பட்டன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒருவரைக் காப்பாற்றினேன் என்று பெருமை பேசும் உரிமை எனக்கு இல்லை. அந்த லாரிகளில் போனவர்களின் கட்டங்களை எழுதியதும் இதே கைதான்.

லேபல் அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "தோட்டக்காரன்னு எழுதிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குக் கொடுத்த பானகத்தில் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. காலையில் என் வாசலைக் கடக்கும்போது முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொள்வார். நான் அதற்காகவே சீக்கிரம் எழுந்து வாசலில் நிற்பேன். திருப்பிக்கொள்வதற்கு அந்த முகம் எங்கள் தெருவில் இருந்தது.