பதினைந்து வயதான என் தோள்

அன்புத் தம்பி அன்செல்முக்கு,

உன் அண்ணன் ஒனொரே எழுதுவது. இங்கே நானும் என் வலது தோளும் சுகம். அங்கே நீ சுகம், உன் தோள் சுகமில்லை என்று உன் மனைவி சோலான்ஜ் போனில் அழுதாள். சட்டை மாட்டிவிட அவள், ரொட்டி அறுத்துத் தர அவள். டாக்டர் ஆபரேஷனுக்கு வரும் திங்கட்கிழமை தேதி கொடுத்தும் துரை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாராம்!

திராட்சைக் கொடி வெட்டி வெட்டியே என் தோள் போனபோது, பந்து இருந்த இடத்தில் கிண்ணமும் கிண்ணம் இருந்த இடத்தில் பந்துமாகத் தலைகீழாய் ஓர் உலோக மூட்டு மாட்டினார்களே, அப்போது நீ என்ன சொன்னாய்? "அண்ணே, அஞ்சே வருஷம், துருப்பிடிச்சிடும்!" பதினைந்து வருஷமாச்சுடா. போன வாரம் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஒரு திருகுகூட அசையலைங்க, எலும்புதான் ஓரமா லேசாத் தேஞ்சிருக்கு"ன்னு சொல்லி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. கை முதுகுப் பக்கம் போகாதுதான். அரிச்சா கதவு நிலையில தேய்ச்சுக்கறேன். மாடு தேய்ச்சுக்கலையா?

இதையும் கேள். ஞாயிற்றுக்கிழமை இரும்புக் குண்டு ஆட்டம் முடிந்ததும், ஓடெட்டின் மதுக்கடையில் உயரத்தில் திரைபோட்டு மாட்டியிருக்கும் அந்த ஃபானிப் பெண்ணின் படத்தைக் கழற்ற வேண்டி வந்தது. "ஏணி கொண்டாரட்டுமா பெரியவரே?"ன்னா ஓடெட். "ஏணி எதுக்கும்மா, தோள் இருக்கே!"ன்னு எட்டி, ஒரே கையால எறக்கிட்டேன். கடையே கை தட்டுச்சு. கசாப்புக்காரர் அங்கே தொங்கற மணியையே அடிச்சுட்டார்.

சோலான்ஜுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

பெருமையுடன்,
ஒனொரே

பின்குறிப்பு: படத்தை நான் ஏன் கழற்றினேன் என்று கேட்பாய். குண்டு ஆட்டத்தில் பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவன், நம் ஊர் வழக்கப்படி, மண்டியிட்டுப் படத்திலிருக்கும் ஃபானியின் வெறும் பின்பக்கத்தை முத்தமிட வேண்டுமே, அதற்குத்தான். நான் அப்படித் தோற்றதற்குக் காரணம் தோள் இல்லை, கண்ணில் புரை. முத்தமிட்ட பிறகு எழுந்திருக்கவும் முடியவில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, அவற்றுக்கும் தேதி கேட்டிருக்கிறேன். நாலு தடியன்கள் சேர்ந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். எதைப் பிடித்துத் தூக்கினார்கள் தெரியுமா? அந்த வலது கையைத்தான். ஒண்ணும் ஆகலைடா. திங்கட்கிழமை போய்ப் படு.