பால் வாங்கப் போன ஓட்டக்காரர்

ஷூ லேஸ் கட்டக் குனிந்த எம்ரிஸ் ப்யூ பாதி வழியிலேயே நின்றுவிட்டார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நடுவில் வயிறு. இரண்டும் சந்திப்பதை அது ஒரேயடியாக மறுத்தது.

மூச்சு இரைக்க நிமிர்ந்தவர் சபதமே செய்துவிட்டார்.

"நெஸ்டா! வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நான் ஓடப் போறேன்!"

சபதம் செய்கிற கணவர்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு, மனைவி எப்படியும் தடுத்துவிடுவாள் என்று. 'இந்த வயசுல இது தேவையா? முட்டி என்னத்துக்காகும்?' என்று அவள் பதற வேண்டும். இவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு, பிறகு பெரிய மனதோடு விட்டுக்கொடுக்க வேண்டும். சபதத்தின் புகழும் கிடைக்கும், சோபாவும் கைவிட்டுப் போகாது.

நெஸ்டா செய்தித்தாளை மடித்தாள். "ரொம்ப நல்லதாப் போச்சு, செல்லம். இப்பவே டெலித்கிட்ட சொல்லிடறேன்."

"இப்பவேவா?"

அதற்குள் போன் அவள் காதில் இருந்தது. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் டெலித்தான், புதிதாக ஓட வருகிறவர்களைச் சனிக்கிழமை காலையில் சேர்த்துக்கொண்டு அபெரிஸ்ட்வித் ஊரின் கடற்கரைச் சாலையில் ஓட்டப் பயிற்சி நடத்துகிறவள். சாயங்காலத்துக்குள் புது ஷூ வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்திலிருந்து பார்த்தாலும் தெரியக்கூடிய மஞ்சள் நிறம்.

நெஸ்டாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, எம்ரிஸ். ரத்த அழுத்தம் உள்ளயே வந்து உட்கார்ந்தாச்சு" என்று சொல்லியிருந்தார். வீடு திரும்பும்வரை காரில் நெஸ்டா ஒரு வார்த்தை பேசவில்லை. எம்ரிஸ் அதை ராத்திரிச் சாப்பாட்டோடு மறந்துவிட்டார். நெஸ்டா மறக்கவில்லை.

எம்ரிஸுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு ஓடத் தெரியவில்லை என்பது முதல் சனிக்கிழமையே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மழை. மழைக்காக எதையாவது தள்ளிவைத்தால் அந்த ஊரில் கல்யாணம்கூட நடக்காது.

"கொஞ்சம் ஓடுவோம், கொஞ்சம் நடப்போம். பேசிட்டே ஓடற வேகம் போதும்!" என்று டெலித் கத்தினாள்.

எம்ரிஸுக்குப் பேச்சு உடனே நின்றது. பிறகு கால் நின்றது. மூச்சு நிற்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் மழைக்குள் மறைந்தது. பின்னால் மட்டும் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினார். பளபளக்கும் சட்டை மாட்டிக்கொண்டு இட்வல் நின்றிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீ போய்யா, நான் மெதுவா வர்றேன்."

"நான் முன்னால போகக் கூடாது. கடைசி ஆளு எங்கயோ, அவருக்குப் பின்னாலதான் நான். அதான் எனக்குக் குடுத்த வேலை."

"நான் நின்னா?"

"நானும் நிப்பேன்."

"உட்கார்ந்தா?"

"பக்கத்துலயே உட்காருவேன்."

எம்ரிஸின் கண் சாலைக்கு எதிர்ப்புறம் போனது. மெய்ரின் காப்பிக் கடை. கண்ணாடியெல்லாம் ஆவி. உள்ளே பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சி, பொரிகிற சத்தம்.

"நான் அந்தக் கடைக்குள்ள போனா?"

இட்வல் தாடையைத் தடவியபடி யோசித்தார். "முறைப்படி பாத்தா... நானும் உள்ள வரணும்."

கடைசியில் வந்தவர்கள் இருவரும் கடையில் போய் முடிந்தார்கள். ஆளுக்கொரு பேக்கன் ரொட்டி, ஒரு கோப்பை டீ. கூட்டம் திரும்பி வரும் நேரம் பார்த்து வெளியே நழுவி அதன் வாலில் ஒட்டிக்கொண்டார்கள். முகத்தில் வியர்வைக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதை மழை பார்த்துக்கொண்டது.

"எப்படி இருந்துது?" என்று வாசலிலேயே கேட்டாள் நெஸ்டா.

"பயங்கரம். கால் இருக்கா இல்லையான்னே தெரியலை."

"ஐயோ பாவம். ஓடிட்டு வந்தவுடனே கனமா சாப்பிடக் கூடாதாமே, டெலித் சொன்னா. இந்தா, சூப்."

சூப்பில் கேரட் இருந்தது. வேறு எதுவும் இருப்பதற்கான அடையாளம் இல்லை.

இப்படியே வாரங்கள் ஓடின. வாரங்கள் மட்டும்தான் ஓடின. எம்ரிஸ் ஓடவில்லை. நெஸ்டாவோ புகழ்ந்து தள்ளினாள். "முகத்துல ஒரு களை வந்திருக்கு. நடையே மாறிடுச்சு!" எம்ரிஸ் கூச்சத்தோடு தலை குனிந்துகொள்வார். இவ்வளவு அப்பாவியான மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைக்கும்போது சில சமயம் பாவமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் மேஜையில் தட்டை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பயிற்சி முடியற அன்னிக்குக் கடைசி ஓட்டம் இருக்காம். அஞ்சு கிலோமீட்டர், நிக்காம. நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எம்ரிஸின் கரண்டி நின்றது. "எல்லாருக்கும்னா?"

"தெருவுல எல்லாரும் வர்றாங்க. உன்கிட்ட கார் கத்துக்கிட்ட பசங்க வர்றாங்க. ஸ்வான்சீலேர்ந்து உன் அண்ணன் கெத்தின் வர்றார்."

"கெத்தினா! அவன் எதுக்கு?"

"நீ ஓடறேன்னதும் போன்லயே விழுந்து விழுந்து சிரிச்சார். 'மூட்டை உருளும், ஓடாது'ன்னார். வந்து பாருங்கன்னு சொன்னேன்."

அன்று இரவு எம்ரிஸுக்குத் தூக்கம் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பூனை போல மஞ்சள் ஷூவை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டே?" போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பா... பால் வாங்க."

பால் வாங்கப் போனவர் வாங்கியது பெரும்பாலும் மூச்சு. முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஓடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு கடற்காக்கை அவரைக் கேவலமாகப் பார்த்தது. மீன் ஏற்றி வந்த வண்டி பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் அவரிடம் கற்றவன்.

"எம்ரிஸ்! யாரு துரத்தறாங்க? சீக்கிரம் வண்டில ஏறு!"

ஆனாலும் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். வீட்டில் பால் பெருகியது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் பால்தான் முதலில் வந்து விழுந்தது. நெஸ்டா ஏன் என்று கேட்கவில்லை. பால் சோறு கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எம்ரிஸுக்கு மட்டும் ஒரு கரண்டி.

ஒரு காலை, கப்பல்துறையில் ஆரம்பித்தவர் எதையோ யோசித்துக்கொண்டே ஓடியதில், நிமிர்ந்து பார்த்தபோது விரிகுடாவின் மறுமுனை வந்திருந்தது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. கால் இருந்தது. மூச்சும் இருந்தது. கடலுக்கு மேல் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. எம்ரிஸுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப் போய் நெஸ்டாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பியவர், அப்படியே நின்றார். எப்படிச் சொல்வது? அவளைப் பொறுத்தவரை அவர் எத்தனையோ வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறாரே! வழக்கம்போலப் பாலைக் கொண்டுபோய் வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்குப் பால் ரொம்ப நல்ல பாலோ?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி ஓட்டத்தன்று தெருவே குடையோடு வந்து நின்றது. கெத்தின் நடுவில், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு.

டெலித் விசில் ஊதினாள். எம்ரிஸ் கிளம்பினார். மெய்ரின் கடை நெருங்கியதும் பின்னாலிருந்து இட்வலின் குரல் முனகியது.

"யோவ் எம்ரிஸ்... கடை... கடை வந்துடுச்சுய்யா..."

"வந்தா வரட்டும்! ஓடிவாய்யா!"

பேக்கன் வாசனையைக் கிழித்துக்கொண்டு எம்ரிஸ் ஓடினார். கடற்கரைச் சாலை முடிகிற மலையடிவாரத்தைத் தொட்டுத் திரும்பினார். முகத்தில் வழிந்ததில் மழை எது, வியர்வை எது என்று பிரிக்க முடியவில்லை. முடிவுக் கோட்டை அவர் தாண்டியபோது கெத்தினின் வாய் திறந்தே இருந்தது. சிரிப்புதான் வரவில்லை. நெஸ்டா குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட நின்றவரைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டரைப் பார்த்துவிட்டு நெஸ்டா பேசாமலே வந்த அந்தக் கார்ப் பயணம் எம்ரிஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ரொம்ப நேரம் கழித்து இட்வல் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"நெஸ்டா, என் வேலை முடிஞ்சுதா? இனிமே என்னால ஆகாதும்மா."

எம்ரிஸ் நிமிர்ந்தார். "என்ன வேலை?"

"உன்னைத் தனியா விடாம பாத்துக்கற வேலைதான். கடைக்குப் போனாலும் கூடவே போங்கன்னு நெஸ்டாதான் சொல்லியிருந்தா."

எம்ரிஸ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் சனிக்கிழமையே. வியர்வைல பேக்கன் வாசனை வராது, செல்லம்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா, 'எனக்கு ஓட்டம் ஒத்து வரலை'ன்னு சோபால சாய்ஞ்சிருப்பே. உன் உடம்புக்காக நீ ஓட மாட்டே. எனக்காகவும் ஓட மாட்டே. என்னை ஏமாத்தணும்னா எவ்வளவு தூரம் வேணா ஓடுவே."

டெலித் தேநீரோடு வந்தாள். "இந்தக் கடைசி ஓட்டம் நல்லா இருந்துது இல்ல? நாங்க இதுவரைக்கும் வெச்சதே இல்லை. நெஸ்டாதான் யோசனை சொன்னா."

எம்ரிஸ் கோபப்படத்தான் நினைத்தார். நெஸ்டாவின் கை அவர் கைக்குள் இருந்ததால் சரியாக வரவில்லை.

"சரி. தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. எல்லாம் வெளிய வந்தாச்சு. இனிமே உன்னை ஏமாத்த வேண்டிய அவசியம் இல்லை. நாளையிலேர்ந்து நிம்மதியா இழுத்துப் போத்திட்டுத் தூங்கப் போறேன்."

"தூங்கேன். யாரு வேணாம்னா?" என்றாள் நெஸ்டா, மிக மென்மையாக.

அப்போது கெத்தின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"மன்னிச்சுக்கடா, உன்னை என்னமோன்னு நினைச்சுட்டேன்! அக்டோபர்ல கார்டிஃப்ல பதிமூணு மைல் ஓடப் போறியாமே? இப்பதான் நெஸ்டா சொன்னா. ஸ்வான்சீ பூரா போன் போட்டுச் சொல்லிட்டேன்!"