ஆக்டிவிட்டி சாரும் கல்லாக இருந்த நானும்

காவிரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். மனிதர்களை நெல்லாக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பாபநாசம் பக்கத்து அரிசி மில்லில் ஃபோர்மேனாக இருந்த 'ஆக்டிவிட்டி' சார்.

ஏழாம் வகுப்பில் பள்ளியையும், பிறகு பதினோரு ஊர்களில் வேலையையும் விட்டுவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். சார் அப்போதுதான் திருச்சியில் மூன்று நாள் வகுப்பு முடித்து வந்திருந்தார். ஆட்களுக்கு வேலை கற்றுத்தருவது எப்படி என்று கற்றுத்தரும் வகுப்பு. எல்லாவற்றையும் 'ஆக்டிவிட்டி'யாகச் செய்துகாட்ட வேண்டுமாம்; பட்டப்பெயர் அப்படி வந்தது. எனக்கு ஒரு மாதம் கெடு. அதற்குள் நெல்லில் கல் நீக்கும் மிஷினை ஓட்டப் பழகாவிட்டால் பன்னிரண்டாவது ஊர். சாக்கு அறையில் படுக்க இடம் கிடைத்திருந்ததால் கிளம்ப மனமில்லை.

முதல் நாள் ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். ஒற்றுமை வளருமாம்.

களத்தில் நெல் காயவைக்கும் செல்வியக்கா கேட்டார்: "சார், நாங்க ஊதுற காத்துல நெல்லு காயுமா?"

அன்று சார் சாப்பிடவில்லை.

மறுநாள் களத்தில் சுண்ணாம்பால் மிஷினை வரைந்தார். சாய்ந்த தட்டு குலுங்கக் குலுங்க லேசான நெல் கீழே வழியும், கனமான கல் மேலே ஏறும். கீழே நெல் போகும் வழி, மேலே கல் போகும் வழி.

"செல்வி, நீங்கள்லாம் நெல்லு. குதிச்சுக்கிட்டே கீழ போங்க. தம்பி, நீ கல்லு. நெல்லோட கலந்து தப்பிச்சுப் போகணும்."

மிஷின் அவரே. இடுப்பைக் குலுக்கி, 'டடடட' என்று வாயால் சத்தம் போட்டபடி என்னைப் பிடித்து மேலே தள்ளினார். ஆறு நாள் தினமும் பிடிபட்டேன். ஏழாம் நாள் நடுவே சாப்பாட்டு மணி அடித்தது. இருபது நெல்லும் ஒரே நேரத்தில் கீழே ஓடின. கூட்டத்தோடு நானும் ஓடிவிட்டேன். சார் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சார், நிறுத்துங்க. கல்லு சோறு திங்கப் போயிருச்சு" என்றார் செல்வியக்கா.

மாதக் கடைசியில் முதலாளி நான் ஓட்டிய மிஷினிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். இரண்டு கல். "இந்தாளு வேணாம்ப்பா" என்றார்.

எனக்குச் சாப்பாட்டு மணி ஞாபகம் வந்தது. மிஷினுக்குள் நெல் விழும் வாயைப் பாதி மூடினேன். கூட்டம் குறைந்தது. தட்டில் கற்கள் தனியாக மேலே ஏறின.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"ஒரு வாரம் நானே கல்லா இருந்தேங்க."

முதலாளி சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார். இடுப்பு மட்டும் லேசாக ஆடியது.

அங்கே இரண்டு வருடம் இருந்தேன். வேறெங்கும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. இப்போது எந்த ஊர் மெஸ்ஸில் சோற்றில் கல் கடித்தாலும் நான் சண்டை போடுவதில்லை. எடுத்து இலை ஓரத்தில் மரியாதையாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன்.