எக்செல்சிஸ் நாட்டுப் பந்தாட்டம்

ரேடியோவின் திருகு ஞானதாஸின் கையோடு வந்துவிட்டது. ரேடியோவில் முள் கடகடவென்று மறுகோடிக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுகொண்டது.

மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு ஊர் கூடிவிடும்.

பூலாம்பட்டிப் பஞ்சாயத்து ஆபீசில் அந்த ரேடியோவை வைத்துவிட்டுப் போன மதுரை ஆபீசர் அன்றே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். "முள் திருச்சியில நிக்குது. அங்கேயே நிக்கணும். ஆபரேட்டர் திருப்பினா வேலை போயிடும். வேற யார் திருப்பினாலும், பிரசிடெண்டே ஆனாலும், பதவி போயிடும்." பெட்டிக்கு ஒரு கனத்த திண்டுக்கல் பூட்டு. சாவி இரண்டு. ஒன்று ஆபரேட்டர் ஞானதாஸிடம், மற்றது பிரசிடெண்ட் உடையப்பனிடம்.

ஞானதாஸ் பெரிய குற்றம் ஒன்றும் செய்ய நினைக்கவில்லை. கூட்டம் வருவதற்குள் சிலோன் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி, ஒரே ஒரு சினிமாப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டான். தொட்டதும் கழன்றுவிட்டது. திருகு இருந்த இடத்திலிருந்து ஐந்தாறு எறும்புகள் வெளியே வந்து அவனை எட்டிப் பார்த்தன.

"சர்க்கார் சாமானுக்குள்ள எறும்பு குடித்தனம் பண்ணுது" என்று நொந்துகொண்டே திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எட்டாவது படித்துவிட்டுப் பத்து வருஷம் சும்மா திரிந்தவன் அவன். இந்த வேலை வந்த பிறகுதான் ஊர் அவனை "ஆபரேட்டரு" என்றது. மாமனார் வீட்டில் தட்டில் இரண்டாவது துண்டு கருவாடு விழுந்தது. வேலை போனால் அந்த நாற்காலியில் பிரசிடெண்டின் மச்சினன் தங்கமுத்து வந்து உட்கார்ந்துவிடுவான். துண்டுகூடப் போட்டு வைத்திருந்தான்.

வேப்பமரத்து ஒலிபெருக்கியில் எவனோ ஒருவன் புரியாத பாஷையில் மூச்சு விடாமல் கத்தினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் ஓவென்று இரைந்தது.

எப்போதும் கடைசியாக வரும் பிரசிடெண்ட் உடையப்பன் அன்று முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னலே ஞானதாசு, இது என்ன பாஷை?"

"வந்துங்கய்யா... வெளிநாட்டு நிகழ்ச்சிங்க."

"சர்க்கார் உத்தரவா இருக்குமோ?"

இவ்வளவு நல்ல பொய் ஞானதாஸுக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஆமாங்கய்யா. சர்க்கார் உத்தரவுதான்."

"தக்காளி வெலையச் சொல்லாம இவன் எதுக்குப்பா இப்படிக் கத்துறான்?" என்றார் பெருமாள்சாமி. நாலு ஏக்கர் தக்காளிக்காரர். போன தேர்தலில் பதினோரு ஓட்டில் உடையப்பனிடம் தோற்றவர்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கூட்டம் இன்னும் பலமாக இரைந்தது. "கோல்!" என்று ஞானதாஸின் வாய் தானாகக் கத்திவிட்டது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. திண்டுக்கல்லில் படித்தபோது அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பதவிதான், மதிலுக்கு வெளியே போகிற பந்தை எடுத்து வருவது. அப்படித்தான் கால்பந்தாட்டத்தைக் கற்றான். ஊருக்கு அவன்மீது இருந்த மரியாதைக்கு வேறு காரணம். மாதா கோயிலில் சாமியார் லத்தீனில் பூசை வைக்கும்போது பதில் சொல்கிற பையனாக ஆறு வருஷம் நின்றவன். வெள்ளைக்காரப் பாஷை எல்லாம் இவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊர் நம்பியது. அந்த லத்தீனில் ஒரு சொல்லுக்குக்கூட அவனுக்கு அர்த்தம் தெரியாது.

"எந்த நாட்டு ஆட்டம்?" என்றார் பிரசிடெண்ட்.

"எக்செல்சிஸ் நாடுங்க. அங்க இதுதான் முதல்தர லீக்கு." பூசையில் லத்தீன் பாடிய வாய். அவசரத்துக்கு அந்தச் சொற்கள்தான் வந்தன.

"யாருக்கும் யாருக்கும்?"

"குளோரியாவுக்கும் சாங்க்துஸுக்குங்க."

"அப்ப நான் குளோரியா" என்றார் உடையப்பன்.

"நான் சாங்க்துஸு" என்றார் பெருமாள்சாமி, அந்த வாய் மூடுவதற்குள்.

அவ்வளவுதான். மேலத்தெரு குளோரியாவாகவும் கீழத்தெரு சாங்க்துஸாகவும் மாறி எழுந்து போயின.

மறுநாள் பெருமாள்சாமி ஒரு யோசனை சொன்னார். "ஆட்டம் கெடக்கட்டும். மெக்கானிக்கைக் கூட்டியாந்து திருச்சிய வரவைங்க. தக்காளி வெலை தெரிய வேணாமா?"

ஞானதாஸ் சட்டைப் பையிலிருந்த திருகை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆனால் பிரசிடெண்ட் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மெக்கானிக்கா? ஆட்டம் பாதியில நிக்கிறதா? எம் உசுரு இருக்கிற மட்டும் எவனும் அந்தப் பெட்டியத் தொடக் கூடாது!"

மனிதருக்கு விளையாட்டில் இவ்வளவு பற்றா என்று ஞானதாஸ் அசந்துபோனான்.

தக்காளிப் பிரச்சனைக்கு அவனே ஒரு வழி செய்தான். விடியற்காலை மெயின் ரோட்டுக்கு நடந்துபோய், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து திரும்பும் லாரிக்காரர்களிடம் விலை கேட்டு வந்து, சாயங்காலம் ஆட்டத்தின் இடைவேளையில் சொன்னான். திருச்சி சொன்ன விலை முந்தாநாள் விலையாக இருக்கும். இது அன்றைய விலை. இதனால் வந்த வினை, ஆத்தூர்க்காரர்களும் விலை கேட்க வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டமும் கேட்டார்கள். மறுநாள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"தெனமுமா ஆடுவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்த நாட்டுல வேற சோலி கெடையாதுண்ணே" என்றான் ஞானதாஸ்.

தினமும் ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு ஏற்றபடி ஆட்டத்தைக் கத்திச் சொல்லி, ஒரு மாசத்தில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அணிகள் எட்டாகிவிட்டன. யார் யாரை எத்தனைக்கு வென்றது என்று அவன் மறந்தாலும் ஊர் மறக்கவில்லை. "போன வெள்ளிக்கிழமை கிரேதோவுக்கு மூணு கோல்னு சொன்னியே, இன்னைக்கு ரெண்டுங்கிற?" என்று பெண்கள் கிணற்றடியில் மடக்கினார்கள். லீக்கை ஒழித்துக் கட்டினால்தான் பிழைப்பு என்று முடிவு செய்து, குளோரியாவின் பெரிய ஆட்டக்காரன் ஒரேமுஸின் காலை முறித்தான்.

"ஒரேமுஸுக்குக் கால் போச்சு. லீக்கையே நிறுத்திருவாங்க போல" என்று துக்கத்தோடு சொன்னான்.

பஞ்சாயத்து ஆபீஸ் கூட்டுகிற மூக்காயி வாய்விட்டு அழுதாள். மேலத்தெருவில் அன்று பல வீட்டில் உலை வைக்கவில்லை. மறுநாள் காலையில் எலும்பு கட்டுகிற மலைச்சாமி ஒரு பாட்டில் எண்ணெயோடு வாசலில் நின்றார்.

"இதத் தேச்சுக் கட்டுனா இருவத்தோராம் நாள் ஓடுவான். எக்செல்சிஸுக்குத் தபால்ல அனுப்பிவிடு அப்பு."

ஞானதாஸ் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் மனைவி சகாயராணியின் முழங்கால் வலி தீர்ந்தது. இருபத்தோராம் நாள் ஒரேமுஸ் ஓடியே ஆகவேண்டியதாயிற்று. ஓடி, இரண்டு கோலும் போட்டான். மலைச்சாமி வீட்டு வாசலில் பழனிவரைக்கும் உள்ள முறிந்த கைகால்கள் வரிசையில் நின்றன.

விஷயம் கோயிலையும் எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயப்பராஜ் சாமியார் பூசையில் குரலை உயர்த்தி, "குளோரியா இன் எக்செல்சிஸ்" என்று பாடினாரோ இல்லையோ, கோயிலுக்கு வெளியே விசில் பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சாங்க்துஸ், சாங்க்துஸ்" என்று மணி அடித்தபோது பெருமாள்சாமியின் ஆட்கள் துண்டை ஆகாயத்தில் வீசினார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் ஞானதாஸைக் கூப்பிட்டார்.

"இந்தச் சனங்களுக்குத் திடீர்னு இப்படியொரு பக்தி எங்கேயிருந்து வந்தது?"

"ரேடியோ மூலமாப் பரவுது சாமி."

சாமியார் கண்கலங்கி, மந்திரித்த செபமாலை ஒன்றை அவன் கழுத்தில் போட்டார். மூன்று மாசத்தில் அவன் வாங்கிய கனமான தண்டனை அதுதான்.

அடுத்த நாள் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் ரேடியோவைச் சோதிக்க வருகிறார்.

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் சகாயராணி.

"சொன்னா தங்கமுத்து உக்காந்துருவான்."

"அப்ப என்ன செய்யப் போறீக?"

"சனிக்கிழமையோட லீக்க முடிச்சுட்டு, ஞாயித்துக்கிழம காலையில ரேடியோ தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போறேன்."

ஆனால் பிரசிடெண்ட் விடவில்லை. "சனிக்கிழமையா? கூடாது. கடைசி ஆட்டம் ஞாயித்துக்கிழமை ஆபீசர் முன்னாலதான் நடக்கணும். அம்புட்டுக் கூட்டத்தையும் அவரு பாக்கட்டும். கூட்டத்தத் தாண்டி அவரு பெட்டிகிட்ட வரவே முடியாதுலே!"

சொன்னபடியே நெய்க்காரப்பட்டியிலிருந்துகூட வண்டிகள் வந்தன. "ஏனுங்க, ஒரேமுஸு இன்னைக்கு ஆடறானுங்களா?" என்று ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். பிரசிடெண்ட் தன் கையாலேயே ஒரு பெரிய செவ்வந்தி மாலையைக் கொண்டுவந்து ரேடியோவுக்குப் போட்டார். அது சரியாகத் திருகு இருந்த ஓட்டையை மூடிக்கொண்டு தொங்கியது. கடவுள் இருக்கிறார் என்று ஞானதாஸ் நினைத்தான்.

ஆபீசர் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"என்ன நிகழ்ச்சி இது?"

"எக்செல்சிஸ் நாட்டு லீக்குங்க. சர்க்கார் உத்தரவு" என்றார் பிரசிடெண்ட்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆபீசர் அவர். "ஆமாமா, எக்செல்சிஸ்! நல்ல ஆட்டக்காரங்க" என்று தலையை ஆட்டினார். பிறகு, "சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கே" என்று மாலைப் பக்கம் கையை நீட்டினார்.

பிரசிடெண்ட் பாய்ந்து ரேடியோவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ரெண்டுக்கு ரெண்டுல நிக்குதுங்க! இப்பப் போயித் தொடலாமா?"

"தொடாதீங்க!" என்று ஆயிரம் பேர் கத்தினார்கள். ஆபீசர் கையை எடுத்துக்கொண்டார். பிரசிடெண்டின் சட்டை முதுகில் தெப்பமாக நனைந்திருந்தது.

அந்த நிமிஷம் பேட்டரி தீர்ந்து, ஒலிபெருக்கி ஊமையாயிற்று.

ஒரு கணம் ஞானதாஸுக்கு உலகமே நின்றது. மறுகணம் அவன் நாற்காலிமேல் ஏறிவிட்டான். மூன்று மாசப் பயமும் தொண்டைக்கு வந்து குரலாக மாறியது.

"ஒரேமுஸு பந்த வாங்கிட்டான்! ஒருத்தன வெட்டிட்டான், ரெண்டு பேர வெட்டிட்டான்! மலைச்சாமி எண்ணெய் போட்ட காலு அது! அடிச்சான்! கோல்! கோல்!"

மேலத்தெரு வெடித்தது. கீழத்தெருக்காரர்கள் கையை முறுக்கிக்கொண்டு எழுந்ததை அவன் பார்த்தான். வெற்றி என்றால் என்ன என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னும் பலமாகக் கத்தினான்.

"அங்க பாருங்க! தோத்த சாங்க்துஸு கேப்டன் ஓடி வாரான். ஒரேமுஸத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான்! நாடே எந்திரிச்சு நின்னு கை தட்டுது!"

கூட்டம் பெருமாள்சாமியைப் பார்த்தது. பெருமாள்சாமி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். சாங்க்துஸ் கேப்டனுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதல்லவா. விறுவிறுவென்று போய், பதினோரு ஓட்டையும் மறந்து, உடையப்பனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கைதட்டல் ஆத்தூர் அணைக்கரைவரைக்கும் கேட்டிருக்கும். ஞானதாஸ் நாற்காலிமேல் நின்றபடியே அழுதுவிட்டான்.

ஆபீசரும் கை தட்டிக்கொண்டிருந்தார். "ஜில்லாவிலேயே இந்த மாதிரி ரேடியோ கேக்கிற ஊர் கிடையாது. இந்தப் பழைய பெட்டி எதுக்கு? அடுத்த வாரம் புது ரேடியோ வரும். இதை அப்படியே குப்பையில போடுங்க. ஆபரேட்டர் வேலையை நிரந்தரமாக்க நானே எழுதுறேன்."

ஞானதாஸ் பெருமூச்சு விட்டான். பெருமாள்சாமியின் தோளில் இருந்த பிரசிடெண்டும் அதே நேரம் பெருமூச்சு விட்டார். தங்கமுத்து தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வண்டிகள் எல்லாம் போனபின் மூக்காயி செவ்வந்தி இதழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஞானதாஸ் சட்டைப் பையிலிருந்து திருகை எடுத்து, ஒருமுறை முத்தமிட்டு, அவளுடைய குப்பைக் கூடையில் போட்டான்.

மூக்காயி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அட, இந்தத் திருகா? நீ கழட்டுறதுக்கு மொத நா மத்தியானம் பிரசிடெண்டு சிலோன் பாட்டுக் கேக்கப் போயி உடைச்சுப்புட்டு, என் தூக்குச் சட்டியில இருந்து ஒரு வாய்ச் சோறு வாங்கித்தானப்பு இத ஒட்டி வச்சாரு!"