ஏழாம் நம்பரின் இருமல்

ஏழாம் நம்பர் வண்டி மறுபடியும் இருமியது. உறுமி எழுந்தது, விக்கி அடங்கியது, அணைந்துபோகும் என்று நினைத்த நொடியில் மறுபடி உறுமியது. மூக்கடைத்த ஆள் குறட்டை விடுவது போலிருந்தது.

"புதன்கிழமை காலைலேர்ந்து இதே பாட்டுதான்," என்று ஜமீர் இன்ஜினை அணைத்தான்.

"கண்ணு பட்டிருக்கும் மாமே. ஒரு எலுமிச்சம்பழம் கட்டு," என்றான் பால்ராஜ்.

பூந்தமல்லி பைபாஸை ஒட்டிய அந்தக் கோ-கார்ட் மைதானத்தில் மொத்தம் எட்டு வண்டிகள். கதவும் கூரையும் இல்லாமல், தரையோடு தரையாக ஓடும் குட்டிப் பந்தய வண்டிகள். அவற்றுக்கு மெக்கானிக் ஜமீர். பால்ராஜ் திங்கள் முதல் வியாழன் வரை ஆவடிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் இங்கே கொடி காட்ட வருவான். ஷேர் ஆட்டோவுக்குச் செய்யும் வைத்தியத்தையே உலகத்து இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் செய்யலாம் என்பது அவனுடைய கொள்கை.

ஜமீரின் செல்போன் அடித்தது. மனைவி மஹீரா.

"மச்சான், ஜும்மா முடிஞ்சு அத்தா வந்துட்டாங்க. சாப்ட்டதும் கெளம்பறோம். எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் பக்கா," என்றான் ஜமீர். கையில் இருந்த பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது.

விஷயம் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஜமீருக்கு நிரந்தர வேலை இருந்தது. காலையிலிருந்து மாலை வரை ஒரே அளவு போல்ட்டைக் கடைந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். இங்கே ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு மாதிரி முறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு மாதிரி சமாதானமாகும். அது அவனுக்குப் பிடித்திருந்தது. மாமனார் ஹாஜா மொய்தீனுக்குத்தான் பிடிக்கவில்லை.

பூந்தமல்லியில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருப்பவர் அவர். "பொம்மை காரு ரிப்பேர் பண்றவனுக்கா பொண்ணக் குடுத்தேன்?" என்று கேட்டு, மகளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மஹீரா கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இன்று நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் மஹீரா ஜமீரின் முகப்பேர் வீட்டுக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் ஜமீர் மெத்தைக் கடைக்கு வந்து பஞ்சு அடைக்க வேண்டும்.

"கார்ப்ரேட்டர்ல குப்பை அடச்சிகினு கீது," என்றான் பால்ராஜ். "கயட்டி ஊது."

ஜமீர் கழற்றினான். பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணத்தைப் பிரித்து, அதற்குள் இருந்து ஜெட்டை எடுத்தான். கடுகு போகாத துளை கொண்ட ஒரு பித்தளைத் துண்டு. அதன் வழியாகத்தான் இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக் குடிக்கிறது. கம்ப்ரஸர் காற்றால் ஊத வேண்டும். சுவிட்சைப் போட்டபோது கரண்ட் போனது.

"குண்டூசியால குத்து," என்றான் பால்ராஜ்.

"அதெல்லாம் குத்தக் கூடாதுடா. துளை பெருசாயிடும்."

"ஒரு குத்துல இன்னா ஆவப் போவுது?"

ஒரு குத்தில் ஊசிமுனை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இன்னும் பெரிய ஊசி தேவைப்பட்டது. அந்த ஊசியை எடுக்கக் குறடு தேவைப்பட்டது. எல்லாம் வெளியே வந்தபோது ஜெட்டின் துளையில் கடுகு என்ன, மிளகே போகும் போலிருந்தது.

மாட்டிக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் இருமவில்லை. கரும்புகை கக்கியது. புகைக்கு நடுவிலிருந்து பால்ராஜின் குரல் மட்டும் வந்தது.

"இப்ப இன்னா ஆச்சு?"

"பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்குது."

"அப்ப ஊத்தறதைக் கம்மி பண்ணு."

அது நியாயமாகத்தான் பட்டது. கிண்ணத்துக்குள் மிதவை ஒன்று உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போலத்தான். பெட்ரோல் நிரம்பியதும் மேலே எழும்பி வழியை அடைக்கும். அதன் நாக்கைக் கொஞ்சம் வளைத்தால் பெட்ரோல் குறையும். ஜமீர் வளைத்தான். அவசரத்தில் எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டான். பெட்ரோல் குழாயைத் திறந்ததும் கார்புரேட்டர் எல்லாப் பக்கமும் ஒழுக ஆரம்பித்தது.

"தள்ளி நில்லு! பீடியக் கீழ போடு!"

"நான் எங்க பீடி குடிக்கறேன்?"

"குடிச்சா போடுன்னேன்!"

நாக்கை நேராக்கினான். ஒழுகல் நின்றது. எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் பார்த்தால், விரித்த துணியில் நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங் மட்டும் மிச்சம் கிடந்தது.

இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"இது எங்கேந்து வந்துச்சு?" என்றான் ஜமீர்.

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா வச்சிருப்பான் மாமே. சட்டைல உள்பக்கம் ஒரு பட்டன் தைச்சுத் தர்றானில்ல?"

ஜமீருக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மறுபடி பிரிக்க நேரமில்லை. கயிற்றை இழுத்தான். கிளம்பியது, உடனே நின்றது. மறுபடி இழுத்தான். மறுபடி நின்றது. நிற்காமலிருக்க, சும்மா இருக்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று வைக்கும் திருகைக் கொஞ்சம் ஏற்றினான். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு சுற்று.

இந்த வண்டிகளுக்குக் கியர் கிடையாது. இன்ஜின் போதுமான வேகத்தில் சுற்றினால் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. ஓட்ட ஆளே இல்லாமல் ஏழாம் நம்பர் வண்டி நிதானமாக வாசலை நோக்கிப் புறப்பட்டது.

"டேய், பிடிடா!"

"நான் கொடி காட்டற ஆளு, மாமே!" என்ற பால்ராஜ் சிவப்புக் கொடியை எடுத்துக் காட்டினான். வண்டி மதிக்கவில்லை.

ஜமீர் ஓடிப்போய்ப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி அவனை இழுத்தது, அவன் வண்டியை இழுத்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் மஹீரா. பின்னால் தும்பைப்பூ வெள்ளைச் சட்டை, தொப்பி, மருதாணி வைத்த தாடியோடு ஹாஜா மொய்தீன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா," என்றான் ஜமீர், குதிகால்கள் தரையில் உரச நகர்ந்துகொண்டே.

"வஅலைக்கும் ஸலாம்," என்றார் அவர். "எங்க போறீங்க மாப்ளே?"

"எங்கயும் இல்ல மாமா. இங்கதான்."

எட்டிச் சுவிட்சை அணைத்தான். பால்ராஜும் அவனுமாக வண்டியை டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

ஹாஜா மொய்தீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டிகளைப் பார்வையிட்டார். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறந்து பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாரின் முகம்.

"இதுல ஹாரன் உண்டா?"

"இல்ல மாமா."

"கண்ணாடி?"

"இல்ல மாமா."

"நம்பர் பிளேட்டு?"

"ரோட்டுல ஓடாது மாமா, அதனால..."

"பிரேக்காவது வச்சிருக்கானா?"

"இருக்கு மாமா. இடது காலு."

"அல்லாதான் காப்பாத்தணும்," என்றார் அவர். மஹீரா பின்னாலிருந்து, இன்னும் நன்றாகப் பேசு என்பதுபோல் ஜமீருக்குக் கண்ணைக் காட்டினாள்.

"ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க மாமா," என்றான் ஜமீர். "மூணாம் நம்பர் தங்கமான வண்டி. பஞ்சு மாதிரிப் போகும்."

பஞ்சு என்று சொல்லியிருக்கக் கூடாது. மாமனார் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டயர் அடுக்கின் பக்கம் தாடியை நீட்டினார்.

"அங்க என்ன மூடி வச்சிருக்கே?"

"பழைய சாமான் மாமா."

"பழைய சாமான்ல பொகை வருது."

சொல்லிக்கொண்டே போய்த் தார்ப்பாயை விலக்கினார். "இதுல போறேன்."

"ஐயோ வேணாம் மாமா, இது கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

மஹீரா, பால்ராஜ், மாமனார் மூவரும் ஜமீரையே பார்த்தார்கள். ரிப்பேர் என்று சொன்னால், இரண்டு நாளாக ஒரு வண்டியைச் சரிசெய்யத் தெரியாத மெக்கானிக். சொல்லாவிட்டால்?

"கொஞ்சம் ஸ்பெஷல் மாமா," என்றான் ஜமீர். இன்ஜின் அணையாமல், வண்டி தானாக ஓடாமல் இருக்கும் அளவுக்குத் திருகை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தான்.

ஹாஜா மொய்தீன் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிவிட ஜமீர் கையை நீட்டுவதற்குள் அவரே மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் கை தன்மேல் படக்கூடாது என்கிற அளவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று ஜமீர் நினைத்துக்கொண்டான்.

முதல் சுற்று, பெண் பார்க்க வந்தவர் போல அடக்கமாகப் போனார். ஜமீருக்கு உயிர் வந்தது. இரண்டாம் சுற்றில் இன்ஜினின் சத்தம் மாறியது. மூன்றாவது சுற்றில் வண்டி வளைவுக்கு வந்தது, வேகம் குறையவில்லை. டயர்கள் கிறீச்சிட, ஹெல்மெட்டுக்குக் கீழே சிவந்த தாடி பறக்க, அவர் அவர்களைத் தாண்டிச் சென்றார்.

ஜமீருக்கு அந்த மிச்ச ஸ்பிரிங் ஞாபகம் வந்தது.

"ஆக்ஸிலேட்டர் மாட்டிகிச்சு!" என்று கத்தினான். "மாமா, காலை எடுங்க! பிரேக், இடது காலு!"

அடுத்த சுற்றில் அவர் ஒரு கையை உயர்த்தினார்.

"காப்பாத்தச் சொல்லிக் கை காட்டறாங்க!" என்று மஹீரா அலறினாள். "என்ன பண்ணித் தொலைச்சே மச்சான்?"

ஜமீரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "குண்டூசியால குத்திட்டேன் மஹீரா. மெதவையை வளைச்சிட்டேன். ஒரு ஸ்பிரிங்கு மிச்சமாயிடுச்சு. அந்த வண்டிக்கு என்ன சீக்குன்னே எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்!"

"எங்க அத்தாவக் குண்டூசியால கொன்னுட்டியே!"

பால்ராஜ் மஞ்சள் கொடியைக் காட்டினான், சிவப்பைக் காட்டினான், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டதைக் காட்டினான். கடைசியில் சட்டையைக் கழற்றிக் காட்டினான். ஜமீர் ஒரு டயரைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு நடுவே குதித்தான். வண்டி நேராக அவனை நோக்கி வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது, மயிரிழையில் அவனைச் சுற்றிக்கொண்டு வண்டி போய்விட்டிருந்தது. அதே கணத்தில், வண்டியை அணைக்கிறேன் என்று பால்ராஜ் அழுத்திய தீயணைப்பான் ஜமீரைத் தலை முதல் கால் வரை அணைத்தது. புரோட்டா மாவில் உருட்டி எடுத்தவன் போல நின்றான்.

பெட்ரோல் தீர்ந்ததோ, பிரார்த்தனைதான் பலித்ததோ, வண்டி வேகம் தணிந்து மெல்ல வந்து அவர்கள் முன்னால் நின்றது.

ஹாஜா மொய்தீன் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பியை வைத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, மன்னிச்சிடுங்க," என்றான் ஜமீர், மாவு உதிர.

"இதுவா வேலை?" என்றார் அவர். "இது மவுத்தோட வெளையாடற வெளையாட்டு. என் மெத்தைக் கடை எங்க, இது எங்க? ஒரு மெத்தை என்னிக்காவது ஆளத் தூக்கிட்டு ஓடியிருக்கா? திங்கக்கிழமை கடைக்கு வந்துடு. இனிமே இந்தப் பக்கமே நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது."

மஹீரா அத்தாவின் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். ஜமீர் தன் கைகளைப் பார்த்தான். இனி விரல் நகத்தில் பெட்ரோல் வாசனை இருக்காது, பஞ்சுதான் இருக்கும். காலையில் கயிற்றை இழுத்ததும் ஒரு இன்ஜின் முதல் இழுப்பிலேயே எழுந்தால் வரும் அந்தச் சின்னச் சந்தோஷம், ஒரு தலையணையை என்னதான் அடித்தாலும் வராது. இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்துப் பால்ராஜின் கையில் கொடுத்தான். மாமனார், ஆனது ஆச்சு என்கிற மாதிரி அவன் தோளைத் தட்டினார். மாவு பறந்தது.

சாயங்காலம் மைதானம் பெருக்க வரும் அங்கம்மா அப்போதுதான் துடைப்பத்தோடு வாசலுக்குள் நுழைந்தாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தவளின் முகம் ஹாஜா மொய்தீனைக் கண்டதும் மலர்ந்தது.

"இன்னா பாய், மெக்கானிக்கு லீவு போடற செவ்வாக்கெயமையாப் பாத்துதான வருவே, இன்னிக்கு இன்னா வெள்ளிக்கெயமையே வந்துகினே? போன தபா ஏயாம் நம்பர் இன்னும் பிச்சிகினு போவணும்னு சில்லறக் காசை வச்சு அந்த கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவத் திருகிட்டுப் பூட்டே, பாவம், அன்னிலேர்ந்து இந்தப் புள்ள மண்டைய ஒடைச்சிகினு கீது!"