ஏறும் வரைக்கும் படித்தாயிற்று

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மெஷினும் சுகம். இரண்டு பேருக்கும் முட்டிதான் கொஞ்சம் சத்தம் போடுகிறது. அங்கே நீயும், உன் மனைவியும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் குட்டி மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அவளைப் பார்க்க வரச் சொல்லி நீ அனுப்பிய விமான டிக்கெட் கிடைத்தது. பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது பீரோவிலேயேதான் இருக்கப் போகிறது. நான் வரவில்லை.

உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, முழுசாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேசும்போது பின்னால் அந்தக் குட்டி 'ங்கா' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், என் வைராக்கியம் தவிடுபொடி. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எனக்கு விமானம் என்றால் பயம். சொல்லிவிட்டேன், சிரித்துத் தொலை. ஊசியும் நூலும் இல்லாமல் ஒரு பொத்தான்கூட நிற்காது என்று வாழ்நாள் பூராவும் பார்த்தவள் நான். அத்தனை பெரிய வண்டி ஒரு பிடிமானமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் என்றால் எப்படி நம்புவேன்? நடுவில் கடல் மட்டும் இல்லாவிட்டால் நடந்தே வந்திருப்பேன். கேட்ட பேரெல்லாம் "அதெல்லாம் பறக்கும்க்கா" என்றார்களே ஒழிய, எப்படிப் பறக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நம் தெருமுனை நூலகத்தில் சிறுவர் அறைக்குத் திரைச்சீலை தைக்கக் கூப்பிட்டார்கள். அளவெடுக்கப் போனால், ஜன்னலுக்குக் கீழே புது வரவு என்று ஓர் அலமாரி நிறையப் புத்தகம். கதை இல்லை, எல்லாம் நிஜ விஷயம். சிலந்தி எப்படி வலை பின்னுகிறது, குடல் எவ்வளவு நீளம், பாலம் ஏன் விழுவதில்லை என்று பளபளவென்று படம் போட்டு. நடுவில் ஒன்று, விமானம் எப்படிப் பறக்கிறது! அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது, அதை விடு.

என்னமா எழுதியிருக்காங்கடா! ஒரு காகிதப் பட்டையை உதட்டுக்குக் கீழே பிடித்து, மேலாக ஊதிப் பார் என்று போட்டிருந்தது. நான் துணி வெட்ட வைத்திருக்கும் மாதிரிக் காகிதத்தில் ஒரு பட்டை கிழித்து ஊதினேன். தொங்கிக்கொண்டிருந்தது விருட்டென்று எழுந்து நின்றது! நான் போட்ட கூச்சலில் நூலகக்காரம்மா ஓடி வந்தார். "என்னம்மா, ஊசி குத்திடுச்சா?" "இல்லைங்க, பறக்குது!"

அப்புறம் எனக்குத் திரையிலா புத்தி போகும்? ஒரே நாளில் மாட்டியிருக்க வேண்டியதை, ஓரம் ஏறியிருக்கு, மடிப்பு கோணல் என்று பிரித்துப் பிரித்துத் தைத்து, இடையிடையே படித்தேன். இறக்கை படித்தேன், என்ஜின் படித்தேன், ஓடுபாதையில் ஓடி மேலே ஏறுவதும் படித்தேன். அடுத்த பக்கம் 'தரையிறங்குதல்'. அன்றைக்கென்று நூலகக்காரம்மா வந்து, "திரை ரொம்ப அழகா இருக்கும்மா, இன்னொரு வாட்டி பிரிச்சா துணி தாங்காது" என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார். புது வரவை முதல் மாதம் வீட்டுக்குத் தரமாட்டார்களாம். சரி, அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்றால், பெரியவர்கள் குழந்தையுடன் வந்தால் மட்டுமே அனுமதி என்று கதவில் ஒட்டியிருக்கிறது. குழந்தைக்கு நான் எங்கே போவேன்? எதிர்வீட்டுக்காரியிடம், "உன் பொண்ணை ஒரு மணி நேரம் குடு, அவ யூனிஃபார்ம் இடுப்பைப் பிரிச்சு விட்டுத் தரேன்" என்று கேட்டு அழைத்துப் போனேன். அந்த வாயாடி உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் என் விமானப் புத்தகத்தையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டது! "கண்ணு, கடைசிப் பக்கத்தை மட்டும் அத்தைக்குக் காட்டேன்" என்று கெஞ்சினேன். "முடிவை முன்னாடியே பாக்கக் கூடாது அத்தை" என்று சொல்லிவிட்டு, விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தது. இறக்கையைத் தாண்டுவதற்குள் நூலகத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். தெருவில் மற்ற பிள்ளைகள் என் தலையைப் பார்த்தாலே ஓட்டம் எடுக்கிறார்கள்.

ஆக, ஏறும் வரைக்கும் படித்தாயிற்று, இறங்குவது தெரியாது. இறங்கத் தெரியாமல் ஒருத்தி ஏறுவாளா, நீயே சொல்லு. அதனால் ஒரு யோசனை. கதவில் குழந்தை என்றுதான் இருக்கிறது, படிக்கத் தெரிந்த குழந்தை என்று இல்லை. நீ என் மருமகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் இங்கே வா. அவளை மடியில் வைத்துக்கொண்டு பாக்கிப் பக்கங்களைப் படித்துவிடுகிறேன். அப்புறம் நிம்மதியாக விமானம் ஏறி, உன் வீட்டுக்கு வந்து அவளைப் பார்க்கிறேன். அவளுக்கென்று ஒரு சட்டை தைத்து, அதற்குள் வளர்ந்திருப்பாளே என்று இரண்டு தடவை பெரிதாக்கிவிட்டேன். பாக்கணும்டா தம்பி, அவ்வளவு ஆசையா இருக்கு.

உன் மனைவிக்கு என் அன்பு. மருமகளுக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம். உனக்கு நிறைய ஆசீர்வாதம், போட்டோவில் பரட்டைத் தலையாக இருக்கிறாய், முடியை வெட்டு.

இப்படிக்கு,
தரையில் பத்திரமாக இருக்கும்
உன் அக்கா

பி.கு.: தபால் நிலையத்தில் இது போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். டிக்கெட்டோ நான் தபால் நிலையம் போன மறுநாளைக்கே. நீ விமான நிலையத்தில் காத்துக் கிடந்து ஏமாந்து போவாயே! அதோடு, எழுதியதைத் திரும்பப் படித்தபோது சுருக்கென்றது. பச்சைக் குழந்தையை ஏற்றிக்கொண்டு வா என்று கூசாமல் எழுதுகிறேன், நான் ஏறினால் என்ன கேடு? அதனால், வரவில்லை என்பதை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். ஏறுவதற்கு முன் என் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் பயப்பட மறந்தே போயிற்று. பக்கத்து சீட்டில் ஒரு வாண்டு, "இது எப்படிப் பறக்குது?" என்று கேட்டது. கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டது! இந்தக் கடிதத்தின் ஓரத்தையே கிழித்து ஊதிக் காட்டினேன். பிசிறாக இருப்பது அதனால்தான். முன் வரிசை, பின் வரிசையெல்லாம் ஆளுக்கொரு காகிதத்தை ஊதியது. கடைசியில் வாண்டு, "அப்ப எப்படி இறங்கும்?" என்றது. நான் திருதிருவென்று விழிக்கும்போதே கீழே தட்டென்று ஒரு சத்தம், சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. எப்படி இறங்கினோம் என்று இன்னும் எனக்குத் தெரியாது. பெட்டிக்காக நின்றபடி இதை எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பரட்டைத் தலையோடு நிற்பது தெரிகிறது, கையில் அவளும் இருக்கிறாள். இந்தா, கடிதத்தைப் பிடி. குழந்தையைக் குடு.