கருமுட்டைக்கு மாற்று ஆள்

குடிநீர் அலுவலகத்து டைப்பிஸ்டுக்குப் பகல் வேலை. அதே அலுவலகத்தின் பம்ப் ஹவுசில் அவள் கணவனுக்கு ராத்திரி வேலை. ஞாயிற்றுக்கிழமையை விட்டால், தெருமுனையில் எதிரெதிரே வரும்போது சிரித்துக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம். இந்த லட்சணத்தில், "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று அவளை மாதம் தவறாமல் விசாரிப்பதை அந்த அலுவலகம் தன் தலையாய கடமையாகச் செய்துவந்தது. அதில் முதல் ஆள் மேலாளர்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு விளக்கினார். சினைப்பையிலிருந்து மாதத்துக்கு ஒரு முட்டை வெளியே வரும். அதன் ஆயுள் ஒரு நாள்தான். இந்தத் தடவை வியாழக்கிழமை வாக்கில் வரும். அதையொட்டி இருவரும் சேர்ந்திருக்க வேண்டும், விட்டால் அடுத்த மாதம்தான். வயது ஏறுகிறதே என்ற பயம் அவளுக்கு. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி லீவு கேட்டாள்.

மேலாளர் தீவிரமாக யோசித்தார்.

"முட்டையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட முடியாதாம்மா?"

"அது என் கையில இல்ல சார்."

"யார் கையில இருக்கோ, அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்களேன்."

இருந்தாலும் அவர் இளகிய மனசுக்காரர். ஆடிட் நேரத்தில் டைப்பிஸ்டை விட முடியாது, கணவனுக்கு வியாழன் ராத்திரி லீவு தரலாம் என்று முடிவு செய்தார். நன்றியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உத்தரவை அவளே டைப் செய்தாள்: "மேற்படி ஊழியருக்கு மனிதாபிமான அடிப்படையில் விடுப்பு அளிக்கப்படுகிறது. பம்ப் நிற்கக் கூடாதாகையால், அன்னாரின் மனைவி மாற்று ஆளாக நியமிக்கப்படுகிறார்." அவள் விரல் அப்படியே நின்றுபோனது.

"சார், அங்க நான் போயிட்டா..."

"பலன் உங்க குடும்பத்துக்கு. பாரத்தை மட்டும் அடுத்தவன் சுமக்கணுமாம்மா?"

வியாழன் ராத்திரி அவள் பம்புக்குக் காவல் இருந்தாள். கணவன் சாப்பாட்டோடு ஓடிவந்தான். லீவில் இருப்பவர் உள்ளே வரக் கூடாதென்று காவலாளி சட்டம் பேசினார். டிபன் பாக்ஸ் மட்டும் கம்பிக் கதவு வழியாக உள்ளே போனது. முட்டை தன் கடமை தவறாமல் வந்தது, காத்திருந்தது, போயே போய்விட்டது.

அடுத்த மாதம் மேலாளர் அவள் மேஜைக்கே வந்தார். "லீவெல்லாம் குடுத்தோமே, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டது.

"அன்னைக்கு ராத்திரி உங்க எல்லார் வீட்டுக் குழாயிலயும் தண்ணி வந்துச்சா சார்?"

"ஓ, பேஷா வந்துச்சு."

"அதுதான் சார் விசேஷம்," என்று சொல்லிவிட்டு அவள் டைப் அடிக்கத் தொடங்கினாள்.